புகை இல்லாத புகையிலை வாய்க்குள்ள என்ன பண்ணும்?

கேள்வி: பாக்கெட் புகையிலைய கீழ் உதட்டுக்குள்ள ஒதுக்குற பழக்கம் இருக்கு. புகையும் இல்ல, வலியும் இல்ல. அப்பவும் வாய்க்குக் கெடுதலா?

பதில்: வலி இல்லங்கறதுதாங்க இதுல சிக்கலே. நான் குன்னூர்ல ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டன்ட், டாக்டர் கிடையாது, பக்கத்துல நின்னு பாத்தது, டாக்டர் சொல்லிக் கேட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்க பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்களுக்கு ரெண்டு கையும் செடி மேலயே இருக்கும், பீடி புடிக்கவெல்லாம் தோதுப்படாது, அதனால காலைல மலை ஏறும்போதே வெத்தல பாக்கு புகையிலைய ஒரு கன்னத்துல ஒதுக்கிருவாங்க, பசி தெரியாது குளிரும் தெரியாதுன்னு சொல்லுவாங்க (அட்டை ஏறாம இருக்க கால்ல தேய்ச்சுக்கறதும் அதே புகையிலைதான்). அவங்க வாயத் திறந்தா எந்தப் பக்கம் ஒதுக்குறாங்கன்னு கேக்கவே வேணாம். அந்த எடத்துல மட்டும் தோலு வெளுத்து, தடிச்சு, சுருக்கம் விழுந்திருக்கும், துணி வச்சுத் தொடச்சாலும் போகாது. லூகோபிளேக்கியான்னு சொல்லுவாங்க. அது எல்லாருக்கும் கேன்சரா மாறிடாது, ஆனா யாருக்கு மாறும்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, அதான் சந்தேகம் வந்தா சின்னதா சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புறது. வெள்ளைய விட செவப்புத் திட்டு மோசம், அதப் பாத்தா எங்க டாக்டர் சிரிச்சுப் பேசுறத நிறுத்திடுவாரு.

அடுத்து ஈறு. ஒதுக்குற எடத்துல ஈறு இறங்கி பல்லு வேரு வெளிய வந்துரும், வேரு மேல எனாமல்ங்கற கெட்டி ஓடு கெடையாது, நம்ம ஊரு டிசம்பர் மாசத்துப் பச்சத்தண்ணில வாய் கொப்பளிச்சா உயிர் போகும். இறங்குன ஈறு தானா ஏறாது.

சுண்ணாம்பு சேத்துக் கசக்குனா கிக்கு சீக்கிரம் ஏறும், ஏன்னா சுண்ணாம்பால காரத்தன்மை கூடும்போது நிகோடின் வாய்த்தோல் வழியா வேகமா ரத்தத்துக்குப் போகுது. அதே சுண்ணாம்பு தோலையும் அரிக்குது. புகை இல்லாததால நுரையீரல் ஓரளவு தப்பிக்கும், சரி, ஆனா நைட்ரோசமைன்னு கேன்சர் வரவைக்கிற சாமான் எலையப் பதப்படுத்தும்போதே உருவாகிடுது, அதப் பத்த வைக்கணும்னு அவசியமே இல்ல. அது ஒரே எடத்துல மணிக்கணக்கா ஊறுது, எச்சிலோட உணவுக்குழாய்க்கும் போகுது.

சில பேரு புகையிலைய விட்டுட்டேன் வெறும் பாக்குதான்னு பெருமையா சொல்லுவாங்க. பாக்கையே தனியா கேன்சர் காரணின்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லியாச்சு. பாக்கு, குட்கா போடுறவங்களுக்கு வர்றது வேற தொல்லை, கன்னம் உள்பக்கம் நார் மாதிரி இறுகிப்போய் வாய் திறக்குறது கொஞ்சம் கொஞ்சமா கொறையும். மொதல்ல ரசம் குடிச்சாலே எரியும், அல்சர்னு நெனச்சு மாத்திரை போட்டுட்டு இருப்பாங்க. நடுவுல இருக்குற மூணு விரலையும் செங்குத்தா வச்சுப் பாருங்க, வாய்க்குள்ள போகலன்னா காட்டிடுங்க. இறுகுனது முழுசா பழையபடி ஆகாது, பழக்கத்த விட்டா மேல மேல இறுகாம தடுக்கலாம். குட்காவுக்கு 2013லயே தமிழ்நாட்டுல தடை, பெட்டிக்கடையில கெடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்.

நீங்க செய்ய வேண்டியது, இன்னைக்கே கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் உதட்ட மடிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, கன்னம், நாக்குக்கு அடியும் பாருங்க. ஆறாத புண்ணோ திட்டோ ரெண்டு வாரம் தாண்டுனா பல் டாக்டர்கிட்ட போங்க, ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போகலாம். பழக்கத்த விட்டா பல பேருக்கு வெள்ளத் திட்டு கொறையுறத நானே பாத்திருக்கேன். விடுறதுக்கு உதவி வேணும்னா 1800-112-356 இலவச நம்பர். டாக்டர் ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட்டுன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க, கூட வீட்டுக்காரம்மா உக்காந்திருக்காங்கன்னு பாதியாக் கொறைச்சு சொல்றவங்கதான் இங்க ஜாஸ்தி.