குட்டை நீர் கரிப்பது வெயிலாலா, சுரங்கத்தாலா?

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு மேலே ஒரு சுரங்கம் இயங்குகிறது. சரிவின் அடியில் ஓர் ஊற்று. அதன் நீர் வழிந்து மாடுகள் குடிக்கும் குட்டையில் சேர்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுரங்கத்தார் நீரெடுத்துப் போய், 'பிஎச் 7.2, எல்லாம் சரி' என்று தாள் அனுப்புகிறார்கள். ஆனால் குட்டை நீர் இப்போது கரிக்கிறது. வெயிலில் வற்றியதுதான் காரணம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைந்த பலரைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

சுரங்கத்திலிருந்து வெட்டிப்போட்ட கழிவுப் பாறையில் பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். வழியிலுள்ள சுண்ணாம்புப் பாறையும் நீரிலுள்ள பைகார்பனேட்டும் அந்த அமிலத்தைச் சமன்செய்துகொண்டே இருக்கும்வரை பிஎச் அசையாது. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு சடாரென்று விழும். ஓடையில் செம்மஞ்சள் சேறு படியும். அப்போது விழித்துக்கொண்டு பயனில்லை. அமிலம் சமன்பட்டாலும், அந்தக் கந்தக அமிலத்திலிருந்து வரும் சல்பேட் மட்டும் நீரில் கரைந்து வந்துகொண்டே இருக்கும். உலோகங்களை மண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். சல்பேட்டை அப்படிப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே முதல் தகவல் சொல்வது அதுதான்.

இனி உங்கள் குட்டைக்கு வருகிறேன். பழைய தாள்களையும் புதிய தாளையும் எடுத்து, சல்பேட், குளோரைடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மழை முடிந்தபோது குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராம், சல்பேட் 80 என்று வைத்துக்கொள்வோம். குட்டை வற்றி 80, 160 என்று ஆகியிருந்தால் வெயில்தான் காரணம்; இரண்டும் சேர்ந்தே ஏறும். குளோரைடு 80 ஆகவும் சல்பேட் 400 ஆகவும் இருந்தால் அந்தக் கூடுதல் சல்பேட் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: குட்டையில் நிற்கும் மாடுகளின் சிறுநீர் குளோரைடைக் கூட்டும், அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சல்பேட்டைக் குறைக்கும். இரண்டுமே சுரங்கத்தின் பங்கை மறைக்கும் திசையில் வேலை செய்பவை. அதனால்தான் அதே நாளில் ஊற்றின் கண்ணிலும் நீரெடுக்கச் சொல்கிறேன். நிலத்தடியிலிருந்து நேரே வரும் அந்த நீரில் வெயிலைக் குற்றம் சொல்ல இடமில்லை.

ஊற்று நீரின் பிஎச்சை அங்கேயே, அப்போதே அளக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை நான் போத்தலைப் பத்திரமாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து மறுநாள் அளந்தேன். ஊற்றில் 6.3 காட்டிய நீர் 7.1 காட்டியது. கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிவிட்டதே காரணம். உங்கள் தாளில் உள்ள 7.2 எங்கே அளந்தது என்று கட்டாயம் கேளுங்கள். கரைந்த உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்தார்களா என்றும் கேளுங்கள். வெடிவைக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்படுவதால் நைட்ரேட் அளவும் தாளில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுரங்கம் தொடங்கும் முன் எடுத்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லையென்றால், சுரங்கத்தின் நீர் வந்து சேராத வேறோர் ஊற்றையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றும் அளவு தெரிந்த வாளி ஒன்றும் போதும். வாரம் ஒருமுறை, ஊற்றில் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது, மானி என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். மூன்று மாத இடைவெளியில் நழுவிப்போகும் மாற்றம், குறிப்பாகக் கோடைக்குப் பின் முதல் மழை கழிவுப் பாறைக் குவியலைக் கழுவிக்கொண்டு வருவது, இதில் சிக்கும்.

மாடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆஸ்திரேலியா, கனடா இரண்டின் வழிகாட்டுதல்களும் கால்நடை நீரில் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்ற அளவைச் சொல்கின்றன. அதற்கு மேலே வெகுவாக ஏறினால் இரைப்பையில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறி மூளையைத் தாக்கக்கூடும். கழிச்சல், பார்வை மங்குதல், தலையைச் சுவரில் முட்டி நிற்றல் ஆகியவற்றைக் கண்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மாடுகளை வேறு நீருக்கு மாற்றி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். கன்றுகளை இப்போதே மாற்றிவிடுங்கள்.

தாள்களின் நகல் கிடைத்ததும் சல்பேட், குளோரைடு எண்களைத் தேதியோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். ஊற்று, குட்டை இரண்டுக்கும் தனித்தனியாக.