பார்டர்லைன் பர்சனாலிட்டி உள்ளவர்களுக்குத் தெரபியில் அப்படி என்னதான் செய்வார்கள்?

உணர்ச்சிகள் சட்டென்று கட்டுக்கடங்காமல் போகிற, நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் துரத்துகிற மனநலக் கோளாறு இது. என் தங்கைக்கு இது இருப்பது தெரிந்தபோது அவளுக்கு வயது 22. இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு மாதிரியானவற்றுக்குத்தான் தருவார்கள். முக்கிய வைத்தியம் பேச்சுதான்.

அவள் போனது டிபிடி என்கிற டயலெக்டிகல் பிஹேவியர் தெரபிக்கு. பொங்கும் உணர்ச்சிகளைத் தாங்கவும் கையாளவும் கற்றுத்தரும் முறை அது. லண்டனில் பேட்மேனும் ஃபோனகியும் உருவாக்கிய எம்பிடி (தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்ளப் பழக்குவது) போல வேறு முறைகளும் உண்டு. டிபிடியை உருவாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த மார்ஷா லினஹான். பதினேழு வயதில் தானே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்ததை 2011இல்தான் வெளியே சொன்னார். இதைக் கேட்டதும் தங்கை, "அப்போ அவங்களுக்குத் தெரியும்" என்றாள். அதற்கப்புறம் செஷனுக்குக் கிளம்பச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

வாரம் ஒரு தனி செஷன், ஒரு குழு வகுப்பு. வகுப்பென்றால் வகுப்பேதான், வீட்டுப்பாடம்கூட உண்டு. தினமும் ஒரு அட்டையில் கோபம், அவமானம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க் போட வேண்டும்.

ஒருமுறை காயப்படுத்திக்கொண்டாள். செஷனில் திட்டு விழவில்லை. அன்றைய நாளைச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகப் பிரித்தார்களாம். ராத்திரி தூக்கமில்லை, காலையில் சாப்பிடவில்லை, தோழிக்கு அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை, "இவளும் போயிடுவா" என்ற நினைப்பு, கதவைத் தாழ் போட்டது. இதில் எங்கே அறுத்திருக்கலாம்? அவள் கண்டுபிடித்த முதல் இடம் காலை இட்லி.

எனக்கு உறுத்தியது போன் விதி. தாங்க முடியாதபோது தெரபிஸ்டைக் கூப்பிடலாம். காயப்படுத்திக்கொண்ட பிறகு கூப்பிட்டால், உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு வைத்துவிடுவார். 24 மணி நேரத்துக்குப் பேச்சு கிடையாது. என்ன கல்நெஞ்சம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் நாங்கள் செய்தது என்ன? அழுதால் "ஆரம்பிச்சுட்டியா" என்போம். ரத்தத்தைப் பார்த்தால்தான் அம்மா மடியில் போட்டுக்கொள்வார், நான் லீவு போடுவேன். எப்போது அன்பு கிடைக்கும் என்பதை நாங்களே பழக்கியிருக்கிறோம்.

(உங்கள் வீட்டில் இப்போதே அவசரம் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற இந்திய அரசின் மனநல உதவி எண், இலவசம். தமிழில் பேசலாம்.)

ஆறாவது மாதம், ஒரு ராத்திரி என் அறைக் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் ஈரம். ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கினால் படபடப்பு இறங்கும் என்பது வகுப்பில் கற்றது.

"அண்ணா, அஞ்சுல இருந்துச்சு. இப்போ நாலு. கொஞ்ச நேரம் மாடிக்கு வர்றியா?"