கழிவு பட்ட வயிற்றில் ஹேர்னியா மெஷ்: கேள்வி பதில்

ஹவுஸ் ஒபிசர், மட்டக்களப்பு: குடலை வெட்டித் தைத்த கையோடு வயிற்றுச்சுவர் ஹேர்னியாவையும் (சுவரின் துவாரத்தால் குடல் பிதுங்குவது) திருத்தினால், விலங்குத் திசுவில் செய்த பயோலொஜிக் மெஷ் (தாங்கும் வலை) தானே பாதுகாப்பு, சேர்?

2010இல் வந்த ஹேர்னியாத் தரப்படுத்தல் அப்படித்தான் சொன்னது. அது பெரும்பாலும் நிபுணர்களின் அபிப்பிராயம். 2022இல் ஜாமா சேர்ஜரி சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வில் 253 பேர். இரண்டு வருடத்தில் ஹேர்னியா திரும்பியது பன்றித்தோல் மெஷ்ஷில் 20.5%, செயற்கை இழையாலான சின்தெடிக் மெஷ்ஷில் 5.6%. காயச் சிக்கலில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. அந்த ஆய்வில் விலையோ பன்றித்தோல் 21,539 டொலர், சின்தெடிக் 105 டொலர்.

அதற்காகக் கைக்கு வந்த மெஷ்ஷை எல்லாம் வைக்காதீர்கள். துளை 1 மில்லிமீற்றருக்கு மேல், அதிக பாரமில்லாத பொலிப்ரோப்பிலீன் என்ற சின்தெடிக் வகை. இடம் வயிற்றின் முன்பக்கம் நெடுக ஓடும் ரெக்டஸ் தசைக்குப் பின்னால், சுற்றிவர 5 சென்ரிமீற்றர் மேவ வேண்டும். முன்னால் பேசியா (தசையின் உறை) முழுதாக மூடவேண்டும், ட்ரெயின் (வடிகுழாய்) வேண்டும். ஈ.பி.ரி.எஃப்.ஈ. என்ற சின்தெடிக் வகை வேண்டாம்: அதன் நுண்துளைக்குள் 1 மைக்ரோன் பக்டீரியா புகும், அதைத் தின்னவேண்டிய மக்ரோபேஜ் புகாது.

பயோலொஜிக் வைத்தாலும் இடைவெளிக்குக் குறுக்கே பாலமாக விரிக்காதீர்கள். அதன் கொலாஜன் (புரதநார்) தளரும், வயிறு பிதுங்கும்.

தாதி உத்தியோகத்தர், அம்பாறை: பயோலொஜிக் மெஷ்ஷை எவ்வளவு நேரம் ஊறவைக்கவேண்டும்?

தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

சம்மாந்துறை: வாப்பாவுக்குப் பன்றித்தோல் என்று சொல்லாமலே வைப்பாங்களா?

வைக்கக்கூடாது. எந்த விலங்கு என்று சொல்லித்தான் கையொப்பம் வாங்கவேண்டும்.

காத்தான்குடி: உயிர் போற நிலையில கூடும்தானே? ஏன் பயங்காட்டுறீங்க?

களுவாஞ்சிகுடி: அப்ப மாட்டில இருந்து எடுத்தத வைக்கட்டாம் என்றா, எங்கட அம்மா அதுக்கும் ஒத்துக்கொள்ளமாட்டா.

மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பதை மௌலவியிடம் கேளுங்கள். 'வேறு வழியில்லை' என்ற பேச்சுக்கு மட்டும் நான் பதில் சொல்லலாம். காயங்களை அழுக்கின் அளவால் நான்கு வகுப்பாகப் பிரிப்போம்; கழிவு ஓரளவு பட்ட இரண்டாம், மூன்றாம் வகுப்புக் காயங்களில் பெரும்பாலும் வேறு வழி உண்டு. பொலிப்ரோப்பிலீனில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. ஆகவே வாதத்தைத் தொடங்கமுன் சேர்ஜனிடம் ஒன்று கேளுங்கள்: பயோலொஜிக் உண்மையிலேயே தேவையா?

காத்தான்குடி: சீழ் இருந்தா?

அது நான்காம் வகுப்பு. முதலில் சீழை வடித்து, செத்த திசுவை அகற்றுங்கள். நிரந்தரத் திருத்தம் பிறகு.

மெடிக்கல் ஒபிசர், கல்முனை: நெரிபட்ட ஹேர்னியா, குடல் வெட்டியாயிற்று. என்ன செய்வது?

மலம் சிந்தியதா என்பதே கேள்வி. இது அவசர நிலை. டபிள்யூ.எஸ்.ஈ.எஸ். (உலக அவசர சத்திரசிகிச்சைச் சங்கம்) 2017 வழிகாட்டலின்படி, சிந்தவில்லை என்றால் சின்தெடிக் வைக்கலாம். சிந்தியிருந்தால், 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த துவாரத்தை நேரடியாகத் தையுங்கள். கவட்டுப்பகுதி என்றால் மெஷ் இல்லாத ஷோல்டைஸ் அல்லது பசினி தையல்முறை. அதைவிடப் பெரிதாகி நேரடியாகத் தைக்கமுடியாவிட்டால்தான் பயோலொஜிக். அது இல்லாத தியேட்டரில் பொலிகிளக்டின் மெஷ்: சில மாதத்தில் கரையும், ஹேர்னியா திரும்பும், ஆனால் குடல் வெளியே வராது. காயம் ஆறியபின் திட்டமிட்டுத் திருத்தலாம்.

ஏறாவூர்: பயோலொஜிக் என்றா கிருமி தொத்தாதுதானே?

தொற்றும். கிருமி விடும் கொலாஜனேஸ் என்ற நொதி அந்த மெஷ்ஷைக் கரைத்தே விடும்.

அக்கரைப்பற்று: பயோலொஜிக்ல இன்பெக்ஷன் வராது என்று சொல்றாங்களே?

மேலே வாசியுங்கள்.

வாழைச்சேனை: பெரிய துவாரம், மூடவே முடியல்ல. பயோலொஜிக்க நடுவில விரிச்சா?

பாலம் வேண்டாம் என்றேனே! பக்கத் தசை அடுக்குகளைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவரப் பாருங்கள். நோயாளி தாங்கமாட்டார் என்றால் இன்று தோலை மட்டும் மூடுங்கள்.

திருக்கோவில்: அப்பாட ஹேர்னியா காலையில இருந்து உள்ள போகுதில்ல, சத்தியும் எடுக்கிறார். எந்த மெஷ் நல்லம்?

மெஷ்ஷை விடுங்கள். இப்பவே ஆஸ்பத்திரி ஈ.ரி.யு.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கொண்டுபோங்கள். சாப்பாடு, தண்ணீர் கொடுக்கவேண்டாம். அமத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம்.