மீனை எண்ணுறதுக்கெல்லாம் பிஎச்டியா?

இந்தக் கேள்விய நேத்தே பார்த்தேன், கோவத்துல எழுதிடக் கூடாதுன்னு விட்டுட்டேன். "என் பொண்ணு பவளப்பாறை மீன் ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா, கடலுக்குள்ள போய் மீனை எண்ணுறதுக்கெல்லாம் பிஎச்டியா?"ன்னு கேட்டிருக்கீங்க. உங்க பிரச்சனை மீன் இல்ல சார், பொண்ணு கடலுக்குள்ள போறதுதான், கூட யாரோ சொந்தக்காரங்க ஏத்தி விட்டிருப்பாங்க. நானும் இதே ஆராய்ச்சில சேர்ந்தப்ப எங்க சித்தப்பா ஒரு கல்யாண வீட்ல பந்தியில உக்காந்துகிட்டு, "மீன் மார்க்கெட்ல கூடைக்காரம்மா எண்ணாததையா இவ எண்ணப் போறா"ன்னு சொல்லி மொத்த வரிசையும் சிரிச்சது எனக்கு இன்னும் மறக்கல.

கூடைக்காரம்மா செத்த மீனை எண்ணுறாங்க. நாங்க எண்ணுறது ஓடுற மீனை. 50 மீட்டர் டேப்பைப் பாறை மேல விரிச்சுகிட்டே நீந்தணும், ரெண்டு பக்கமும் சேர்த்து 5 மீட்டர் அகலத்துக்குள்ள வர்றது மட்டும்தான் கணக்கு, பின்னாடியிருந்து முந்திகிட்டு வர்றத சேர்க்கக் கூடாது, களவா மாதிரி ஆளைப் பார்த்ததும் பொந்துக்குள்ள போறத முதல்ல எழுதிடணும், பொடி மீனெல்லாம் அப்புறம். எண்ணிக்கையோட நீளமும் வேணும், ஏன்னா நீளத்துலருந்துதான் எடை கணக்குப் போடுவோம். இதுலதான் சிக்கல். தண்ணிக்குள்ள மாஸ்க் வழியா பார்த்தா எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், 20 செமீ மீன் 26, 27 மாதிரி இருக்கும், அப்படியே எழுதினா எடை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடும். அதுக்காக பிவிசி பைப்பை வேற வேற அளவுல வெட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு, நீளம் சொல்லிச் சொல்லியே கண்ணைப் பழக்குவாங்க. கிளிமீன் இன்னும் மோசம், அது பொட்டையா இருந்து கடுவனா மாறும், மாறும்போது கலரும் மாறும், ஒரே மீனை ரெண்டு இனம்னு அந்தக் காலத்து விஞ்ஞானிகளே எழுதி வச்சிருக்காங்க.

நான் வேலை பார்த்தது மன்னார் வளைகுடால, கீழக்கரை பக்கத்துத் தீவுகள். கச்சான் காத்து ஆரம்பிச்சா கடல் கலங்கிடும், கையை நீட்டினா விரல் மங்கலாத் தெரியும், அன்னைக்கு எண்ண முடியாது, கரைக்கு வந்து டீ குடிக்க வேண்டியதுதான். ஒருநாள் தண்ணி நல்லா தெளிஞ்சிருந்துச்சு, ஒரு பார்ல, அதாவது கடலடிப் பாறைத்திட்டுல, இறங்கினா ஓரா மீன் கூட்டம் கூட்டமா போகுது, பத்து பத்தா அள்ளி எண்ணி ஸ்லேட்டுல பென்சிலால கிறுக்கிகிட்டே போறேன். மேல வந்ததும் போட் ஓட்டுற அண்ணன், "ஓரா நிறைய இருக்குமே, ஆனா கிளிமீன் இருந்திருக்காது, அந்தப் பார் வெளுத்ததுலருந்து பாசி பிடிச்சுக் கெடக்கு"ன்னாரு. ஸ்லேட்டைப் பார்த்தா கிளிமீனுக்கு போட்டிருந்த கட்டம் காலியாத்தான் இருக்கு. அப்ப அவருக்கே தெரியுதே உன் படிப்பு எதுக்குன்னு கேப்பீங்க. அந்த ஒரு பார் அவருக்குத் தெரியும், இருபத்தொரு தீவுலயும் வருஷா வருஷம் ஒரே முறைல எண்ணி வச்சாத்தானே கூடுதா குறையுதான்னு சொல்ல முடியும். 2010லயும் 2016லயும் தண்ணி சூடாகி இங்க பவளம் வெளுத்துச்சு, கொஞ்சம் செத்தும் போச்சு, செத்த பவளத்து மேல பாசி ஏறிட்டா புதுப் பவளம் ஒட்டாது, பாசிய மேயுறது கிளிமீன் மாதிரி மீனுங்கதான். ஜமைக்கால மேயுற மீனைப் பிடிச்சுத் தீர்த்தாங்க, 1983ல கடல் முள்ளெலியும் நோய் வந்து செத்துச்சு, பாதிப் பாறைக்கு மேல பவளம் மூடியிருந்த இடத்துல இருபது வருஷத்துக்குள்ள அஞ்சு சதவீதம்கூட மிஞ்சல. பெலிஸ் நாட்டுல 2009ல கிளிமீன் பிடிக்கவே தடை போட்டாங்க.

உடனே மீனவங்களைக் குறை சொல்றேன்னு யாரும் வந்துடாதீங்க, நான் அப்படிச் சொல்லல, தண்ணிய சூடாக்கினது கரைவலைக்காரர் இல்ல.

வெறும் எண்ணிக்கையும் பத்தாது. ஆஸ்திரேலியால ஆர்ஃபியஸ் தீவுல பெல்வுட்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு, மீன் நுழையாம பாறைல கூண்டு போட்டு பாசிய வளரவிட்டு, அப்புறம் கூண்டை எடுத்துட்டு கேமரா வச்சாங்க. கிளிமீன் வந்து தின்னும்னு எதிர்பார்த்தா, அந்தப் பாசிய முக்கியமா தின்னு தீர்த்தது பேட்ஃபிஷ், பாசி தின்னும்னு யாருமே நினைக்காத மீன். 2006ல வந்துச்சு அந்தக் கட்டுரை. நான் படிச்சதுலயே எனக்குப் பிடிச்சது அதுதான், உங்க பொண்ணு கிட்ட சொல்லுங்க, அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

ஒரு கஷ்டம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஃபெல்லோஷிப், அதான் ஆராய்ச்சிக்குக் குடுக்கற உதவித்தொகை, மாசா மாசம் வராது, சேர்த்து வச்சு எப்பவாச்சும் வரும். நான் ஸ்கூட்டி லோனுக்கு ஒரு பேங்க்ல போய் நின்னேன், அந்த ஆபீசர் சேலரி ஸ்லிப் கேட்டாரு, ஃபெல்லோஷிப் லெட்டரைக் காட்டினா "இது சம்பளம் இல்லம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வாங்க"ங்கிறாரு, எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு, பக்கத்து கவுண்டர்ல ஒரு பையனுக்கு எந்தக் கேள்வியும் இல்லாம பைக் லோன் ஃபார்ம் குடுக்கறாங்க, கடைசில நகைய வச்சுத்தான் வண்டி வாங்கினேன். சரி விடுங்க.

மண்டபம், தூத்துக்குடி, பரங்கிப்பேட்டைன்னு நம்ம ஊர்லயே இதுக்கு நல்ல இடங்கள் இருக்கு. அனுப்பறதுன்னா முதல்ல நீச்சல் கத்துக்கச் சொல்லுங்க, டைவிங் அப்புறம். கண்ணாடி போடுற பொண்ணா இருந்தா பவர் வச்ச மாஸ்க் கிடைக்குது, அத சொந்தமா வாங்கிக் குடுத்துடுங்க, லேப் மாஸ்க்கெல்லாம் தண்ணி புகும்.