காட்டுக் குதிரையைப் பார்க்க ஒரு பகல் போதுமா?

ஜூலையில் நாதம் (Naadam) என்னும் தேசிய விளையாட்டுத் திருவிழாவுக்குப் பெற்றோருடன் மங்கோலியா போகும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தலைநகர் உலான்பாத்தருக்கு வெளியே சுற்ற ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். தெரெல்ஜ் போவதா, ஹுஸ்தாய் போவதா? காட்டுக் குதிரையைப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. அவர் சைவம் வேறு."

அப்பாவின் ஆசை அதுவென்றால் ஹுஸ்தாய் தேசியப் பூங்காதான். தெரெல்ஜின் ஆமைப் பாறையும் மலைக்கோயிலும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மேய்பவை வளர்ப்புக் குதிரைகள். தாக்கி என்னும் காட்டுக் குதிரைக்குத் தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 100 கி.மீ. போக வேண்டும்.

காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். கோடையில் பகல் வெயிலுக்கும் ஈக்கும் தப்பிக்கத் தாக்கிகள் மேட்டுச் சரிவுகளுக்கு ஏறிவிடும். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் குடிக்கப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். ஜூலையில் இரவு எட்டரை வரை அங்கே வெளிச்சம் இருப்பதால் அந்த மாலைநேரம்தான் உங்களுக்கு வேண்டியது. பூங்கா முகாமில் ஓர் இரவு தங்குங்கள். மாலையில் தவறினாலும் விடியற்காலை இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். நாதம் ஜூலை 11 முதல் 13 வரை. அந்த வாரம் கூட்டம் அதிகம் என்பதால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

நெற்றியில் மயிர் விழாமல் பிடரிமயிர் விறைத்து நிற்கும். மணல் நிற உடல், வெளிறிய மூக்கு. இவைதான் தாக்கியின் அடையாளம். 1960களின் இறுதிக்குப் பிறகு இயற்கைச் சூழலில் இது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விலங்குக்காட்சிசாலைகளில் பிழைத்த சில குதிரைகளின் வழிவந்தவற்றை 1992-இல் இங்கே கொண்டுவந்தார்கள். இன்று ஹுஸ்தாயில் மட்டும் 300-க்கு மேல் இருக்கின்றன. இவ்வளவு பாடுபட்டு மீட்ட உயிரைப் படத்துக்காக விரட்டாதீர்கள். வழிகாட்டி நிறுத்தும் இடத்திலேயே நின்று பைனாகுலரில் பாருங்கள். செம்மானும் தென்படலாம். வளைக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் மர்மோட்டை (பெரிய அணில் வகை விலங்கு) மட்டும் தொடவே கூடாது. அதன் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவும்.

பூ பார்க்க அங்கே தனியாகத் தோட்டம் தேட வேண்டாம். ஜூலையில் புல்வெளியே பூத்திருக்கும். பறிக்காமல் பார்த்தால் போதும்.

மேய்ப்பர் குடும்பத்தின் கெர் கூடாரத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். நிலைப்படியை மிதிக்காமல் உள்ளே போய் இடப்பக்கம் உட்காருங்கள். நடுவிலுள்ள இரண்டு தூண்களுக்கு இடையே நடக்கக் கூடாது, அடுப்பில் குப்பை போடக் கூடாது. கொடுப்பதை வலக்கையாலோ இரு கையாலோ வாங்குங்கள். உப்புப் போட்ட பால் தேநீர் வரும். அப்புறம், புளித்த குதிரைப்பாலான ஐராக். பிடிக்காவிட்டால் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தரலாம். முகத்துக்கு நேரே மறுப்பதுதான் அவர்களை வருத்தும்.

அப்பாவின் சாப்பாட்டை முகாம் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஆட்டிறைச்சி இல்லாத சமையல் அங்கே அபூர்வம். அவலும் பொடியும் கையோடு இருக்கட்டும். ஜூலை இரவிலும் நன்றாகக் குளிரும், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம்.