கேட்டதும் கணக்கில் சேருமா?

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். ஹட்டனிலிருந்து தினமும் பஸ். போக வர ஒலிநூல் கேட்கிறேன். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். இந்த வருடம் 38 புத்தகங்கள் முடித்திருக்கிறேன். அதில் 29 காதால். ஒன்றே முக்கால் வேகத்தில் வைத்தால் சீக்கிரம் முடிகிறது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் மாதக் கடைசியில் எல்லோரும் வாசித்த பட்டியல் போடுவோம். "கேட்டதெல்லாம் வாசிப்பு ஆகாது, கணக்கில் சேர்க்காதே" என்கிறார் ஒரு சேர். சேருமா, சேராதா? நீங்கள் கின்டிலா, தாளா? இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? என் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ர., ஹட்டன்

அன்புள்ள ர.,

சேரும். நான் சொன்னதாகவே அந்த சேரிடம் சொல்லுங்கள். கின்டிலா தாளா என்பது கண் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அதை விடுங்கள்.

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு எழவு வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளைக்கொடி கட்டி, முன் திண்ணையான இஸ்தோப்பில் பெஞ்சு போட்டு எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஒப்பாரி வைக்கத்தான் ஆளில்லை. பேரப்பையன் ஒருவன் யூடியூப்பில் ஒரு ஒப்பாரியைத் தேடி எடுத்து புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். மதுரைப் பக்கத்துக் குரல், நல்ல குரல்தான். நடுவில் ஒரு விளம்பரமும் வந்து போனது. கொழுந்து மலையிலிருந்து நேரே வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல செத்தவ பேரே வரலையே" என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கேட்பதைப் பற்றியே யோசனைதான். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

என் அம்மாயி சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். ஆனால் நல்லதங்காள் கதை முழுக்க அவருக்குத் தெரியும். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே அந்தக் கதையின் 'பெரிய எழுத்து'ப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். முகப்புத் தாள் போய், மாச்சாக்குத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். இருட்டியதும் குப்பி லாம்பைப் பக்கத்தில் வைத்து வாசிக்கிற வேலை, பள்ளிக்கூடம் போகிறவள் என்று என் தலையில் விழுந்தது. அம்மாயி அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்பார். எனக்குத் தூக்கம் வந்தால் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். "ஏ புள்ள, மூத்தவன் தப்பிச்சு ஓடுவானே, அத எங்க வுட்ட?" தலை நிமிராமலே கேட்பார். திரும்பப் புரட்ட வேண்டும். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிற இடம் வரும்போது அடுத்த வீட்டுக் காம்பராவிலும் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். சுவர் கூரை வரை எழும்பாத லயம் அது. அம்மாயி வாசகியா இல்லையா?

நம் ஆட்களுக்கு எழுத்து காது வழியாகத்தான் வந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பற்றி எழுதியபோதுகூட அதைக் கும்மியாகத்தான் எழுதினார். (தோட்டத் துரைமாருக்கு வேண்டியதைச் சொன்ன கும்மி, அது வேறு கதை.) தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடுவார். அந்தப் பாட்டுகள் சிறு பிரசுரமாகவும் வந்தன. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும்? லயத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். சி.வி. வேலுப்பிள்ளை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கியதெல்லாம் நம் சனங்களின் வாயிலும் காதிலும் கிடந்தவைதான். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள்.

இவ்வளவும் உங்கள் கட்சியில் நின்று சொன்னது. இனித் திட்டப்போகிறேன்.

ஒன்றே முக்கால் வேகம் என்ன வேகம், தாயே? வாசிக்கிறவர் வரி முடிவில் ஒரு மூச்சு விடுவார். அந்த இடத்தில்தான் அம்மாயி "அடிப் பாவி" என்பார். நீங்கள் அந்த மூச்சையே வெட்டி எறிகிறீர்கள். அப்புறம் கதையில் உங்களுக்கு எங்கே இடம்? மூத்தவன் ஓடுகிறானா, தாய் துரத்துகிறாளா, எல்லாம் ஒரே சத்தமாகப் போய்விடும். அப்படி என்ன அவசரம்? நோர்வூட்டில் ஆள் ஏற்றும் வரை பஸ் நிற்கிறதே, அந்த நேரம் உங்களுடையதுதானே? கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டி, கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமென்று அரைப்பேர் போடுவார்களே, அப்படியல்லவா புத்தகத்தை நிறுக்கிறீர்கள்! 38 என்று எழுதினீர்களே, ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வரியாவது கடிதத்தில் வந்ததா? எந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் கேட்டீர்கள் என்று எழுதியிருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பட்டியலையும் பார்த்தேன். பாதி, வாழ்க்கையில் ஜெயிக்க வழி சொல்லும் மொழிபெயர்ப்புகள். மீதி சோழ ராஜாக்கள். மலையகத்தில் இருந்து எழுதிய ஒருவர்கூட இல்லை. நம் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 2022இல்தான் இறந்துபோனார். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் படுத்து எழும்புகிற அந்தக் காம்பராவை எழுதியவர். ஒலிநூலாகக் கிடைக்கவில்லை என்று சொல்வீர்கள். யாராவது வாயைத் திறந்து வாசித்தால்தானே கிடைக்கும்?

கடுமையாகச் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கச் சோக் தூசியில் நின்றுவிட்டு, அந்த வளைவு ரோட்டில் தலை சுற்றாமல் கதை கேட்டு வருகிற பிள்ளையை நினைத்தால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் மலையகப் புத்தகங்கள் காசில்லாமல் கிடக்கின்றன. ஒரு சிறுகதையை அச்செடுத்துக்கொண்டு, ஒரு மாலை உங்கள் பாடசாலைக்குப் பக்கத்து லயத்துக்குப் போங்கள். கிழவிகள் இருக்கிற இஸ்தோப்பில் உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். பாதியில் யாராவது "இல்ல டீச்சர், அப்பிடி இல்ல நடந்தது" என்று மறிப்பார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். மறித்த இடத்தை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள். கோப்பு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, ரீலோட் போட்டு இறக்கிக்கொள்கிறேன்.