கோவை அரை மாரத்தான்: 14 வாரம் இருக்கிறது, கால் எலும்பு ஓரம் வலிக்கிறது என்றவருக்கு

புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டப் பெயர் கொடுத்துவிட்டேன், மூன்று வாரமாகத் தினமும் 5 கி.மீ. ஓடினேன், இப்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரம் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் தினமும் ஓடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மூச்சு ஒரு மாதத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும், புதிதாக ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா, நடக்கும்போதும் வலி இருக்கிறதா? அப்படியானால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஓரம் முழுக்கப் பரவலான வலி என்றால் பத்து நாள் ஓய்வு, அப்புறம் வாரம் மூன்றே நாள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை ஒன்று உண்டு, கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடங்கள், கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். (கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் யாராவது முந்திப் போனால் விட்டுவிடுங்கள், எனக்கு அப்படி விட்டுவிட வரவே இல்லை!)

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் ஒன்றிரண்டு கி.மீ. கூட்டிக்கொண்டே போய், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறையுங்கள். அரை மாரத்தானின் 21 கி.மீ. முழுவதையும் முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை, 16 கி.மீ. தொட்டால் போதும். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையுங்கள். புது ஷூவை மாரத்தான் அன்றைக்குப் போட்டுவிடாதீர்கள், தொடை உரசும் இடத்தில் வாசலினும் தடவிக்கொள்ளுங்கள்.